சதுரம் சதுரமா உடையுற வெள்ளிக் கல்லா? அட்வான்ஸ் குடுக்காதீங்க

கைக்குள்ள அடங்குற கல்லுதான் ஆனா வெயிட் பயங்கரம், வெள்ளி மாதிரி மின்னுது, தட்டினா குட்டிக் குட்டி சதுரமா உடையுது, ஒருத்தர் வந்து இது வெள்ளித் தாது, டெஸ்ட்டுக்கு அட்வான்ஸ் குடுங்க, வாங்குறதுக்கு நானே ஆள் பிடிச்சுத் தரேன்னு சொல்றார், நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க.

நம்பாதீங்க. நீங்க சொல்ற அடையாளமெல்லாம் கலீனாவோடது, அதாவது ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது. எடையில 86 சதவீதம் ஈயம், அதான் தண்ணியை விட ஏழரை மடங்கு கனம். வெள்ளியைச் சுத்தியால அடிச்சா நசுங்கித் தட்டையாகும், இது சதுரமா தெறிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கீறிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ரெண்டுமே கிட்டத்தட்ட ஒரே அளவு மென்மையானதுதான்.

சரி, கலீனாவுல வெள்ளியே இருக்காதான்னா, சிலதுல இருக்கும். ஏதென்ஸ் பக்கத்துல லாரியன் சுரங்கத்துல இந்த மாதிரி ஈயத் தாதுல இருந்து வந்த வெள்ளிக் காசை வச்சுத்தான் கி.மு. 480-ல பாரசீகர்களோட நடந்த சலாமிஸ் கடற்போருக்கான கப்பல்களைக் கட்டினாங்க. ஆனா அந்த வெள்ளி கண்ணுக்குத் தெரியாது, நீங்க பாக்குற மினுமினுப்பு கலீனாவோட சொந்த மினுமினுப்பு, வெள்ளி பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட வராது, ஈயத்தை உருக்கி காத்து ஊதி ஆக்சைடா பிரிச்சு எடுத்தா கடைசியில மிஞ்சுறது ஒரு துளி, டன் டன்னா தாது இருந்தாத்தான் அதுல காசு.

புரோக்கருங்க பண்றது என்னன்னா, துப்பாக்கி மாதிரி ஒரு மெஷினை கல்லுல வச்சு ‘சில்வர் 500’னு காட்டுவாங்க. அது 500 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 500 பங்கு, வெறும் 0.05 சதவீதம்! அதுவும் மெஷின் பட்ட இடத்து மேல்பரப்புல மட்டும். லேப்காரங்களாவது ஒழுங்கா இருக்காங்களா, ரிப்போர்ட்ல ஒரு பக்கம் முழுக்க தனிமக் குறியீடா நிரப்பிக் குடுக்குறாங்க, ‘இது ஈயத் தாது’ன்னு கீழ ஒரு வரி எழுதினா என்ன குறைஞ்சு போயிடும்? அந்த ஒரு வரி இல்லாததுதான் புரோக்கருக்கு மூலதனம்.

வீட்டுல அடுப்புல போட்டு உருக்கிப் பாக்குற வேலை மட்டும் கண்டிப்பா வேண்டாம், ஈயப் புகையும் கந்தக டை ஆக்சைடும் வரும். தூசியும் விஷம்தான், பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க, தொட்டா கையை சோப்பு போட்டுக் கழுவுங்க.

பக்கத்துல புவியியல் துறை இருக்குற காலேஜ் இருந்தா கல்லைக் கொண்டு போய்க் காட்டுங்க, கையில வாங்கினதுமே சொல்லிடுவாங்க. அதுக்கு மேலயும் வெள்ளி எவ்வளவுன்னு தெரியணும்னா நீங்களே நேரா லேப்ல குடுத்து ஃபயர் அசே, அதாவது உருக்கி வெள்ளியைத் தனியா பிரிச்சு அளக்குற டெஸ்ட், பண்ணச் சொல்லுங்க, ரிசல்ட்டை சதவீதத்துல கேட்டு வாங்குங்க.