மலையில்லாத ஊரில் இரண்டு மலை

வணக்கம் அண்ணா,

வன்னியில் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தரம் 4க்குப் படிப்பிக்கிறேன். போன மாதம் சுற்றாடல் பாடத்தில் 'எங்கள் ஊர்' என்று ஒரு படம் கீறச் சொன்னேன். நாலைந்து பேரைத் தவிர எல்லாரும் ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை. எங்கள் ஊரில் மலை எங்கே இருக்கிறது? அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பின்னேரம் நானே கொப்பியோடு குளக்கட்டில் போய் இருந்தேன். என் கையும் மலைக்குத்தான் போனது. போனில் மப்பைத் திறந்தால் ஊர் வெறும் பச்சை, அதற்குள் ஒரு கோடு. வழி கேட்டால் பெரியவர்கள் இப்போது இல்லாத சங்கக்கடையையும் (கூட்டுறவுக் கடை) இல்லாத புளியமரத்தையும் சொல்கிறார்கள். கீறவே தெரியாத நான் பிள்ளைகளுக்கு ஊரைக் கீற எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

(பெயர் போடவேண்டாம்)

அன்புள்ள ரீச்சருக்கு,

அந்த இரண்டு மலையையும் எனக்கு நன்றாகத் தெரியும். நானும் கீறியிருக்கிறேன், நடுவில் சூரியனுக்குக் கண், மூக்கு எல்லாம் வைத்து. எங்களுக்குப் படிப்பித்தவர் கரும்பலகையில் கீறினார், நாங்கள் பார்த்துக் கீறினோம். அவருக்கு யார் கீறிக் காட்டினார்களோ! படத்தைப் பார்த்துப் படம் கீறுகிற பழக்கம் அது, ஊர் அதற்குள் வருவதே இல்லை. பிள்ளைகளில் பிழையில்லை, உங்களிலும் இல்லை. கண் ஏற்கனவே பாடமாக்கி வைத்திருப்பதைத்தான் கை எழுதுகிறது. அதனால் முதல் நாள் கண்ணுக்கு லீவு கொடுங்கள்.

வவுனியாவில் யாழ்ப்பாண பஸ் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறீர்களா? முறிகண்டி வந்துவிட்டதென்று யாரும் சொல்லத் தேவையில்லை. பஸ் ஓரங்கட்டும், கற்பூரம் மணக்கும், தேங்காய் உடையும், அதற்குப் பின்னால் மணலில் வறுத்த கச்சானின் மணம் யன்னலால் வரும். பரந்தன் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் காற்று மாறும். உதட்டை நாக்கால் தடவினால் உப்புக் கரிக்கிற மாதிரி இருக்கும், அது ஆனையிறவு. ஏ9 வீதியை எனக்கு இப்படித்தான் தெரியும். எத்தனையாவது கிலோமீற்றரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன்.

பிள்ளைகளை ஒரு மதகடியில் பத்து நிமிடம் பேசாமல் இருத்துங்கள். தாளின் நடுவில் ஒரு புள்ளி, அதுதான் தாங்கள். கேட்கிற ஒவ்வொரு சத்தத்தையும் அது வருகிற பக்கத்தில் எழுதவேண்டும். கிட்டக் கேட்டால் புள்ளிக்குக் கிட்ட, தூரத்தில் கேட்டால் தாளின் கரையில். படம் வேண்டாம், சொல் போதும். 'லான்ட்மாஸ்டர்', 'ஆட்காட்டி', 'ஆரோ விறகு கொத்துறது'. ஆட்காட்டி கத்தினால் அலைகரையில் யாரோ நடக்கிறார் என்பது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். நேற்றிரவு யானை விரட்டப் போட்ட யானைவெடி எந்தப் பக்கம் கேட்டது என்றும் கேட்டுப் பாருங்கள். வகுப்பு முழுக்க ஒரே திசைக்குக் கை நீட்டும். அந்தத் திசையறிவு எந்த மப்பிலும் இல்லை.

கனடாவில் மரி ஷேபர் என்ற இசையமைப்பாளர் 1960களின் கடைசியில் இதையே ஒரு படிப்பாகத் தொடங்கினார். ஓரிடத்தின் ஓசைகளை மூன்றாகப் பிரித்தார்: எப்போதும் இருப்பதால் காதில் ஏறாமல் போவது, கவனி என்று கூப்பிடுவது, அந்த ஊருக்கே உரியது. முதலாவதற்கு வாய்க்கால் தண்ணீர், இரண்டாவதற்குப் பள்ளிக்கூட மணி என்று நானே சொல்லிவிடுவேன். மூன்றாவதை நான் சொல்லமாட்டேன், அது உங்கள் ஊரின் சொத்து. பிள்ளைகள் சண்டை பிடித்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

அப்புறம், எனக்கு நடந்த ஒன்று. பல வருடத்துக்கு முன் ஓர் ஆவணி மாதம் ஒரு சின்னக் குளத்தைக் கீறினேன். தண்ணீர் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. குளத்துக்குள் மாடு மேய்ந்தது, நடுவால் சைக்கிள் போன தடம். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கீறி, தடத்துக்குப் பக்கத்தில் 'குறுக்குவழி' என்று எழுதியும் விட்டேன். அந்த ஊர்க் கமக்காரர் ஒருவர் வாங்கிப் பார்த்தார். கன நேரம் பார்த்தார். "தம்பி, இதைப் பார்த்து மார்கழியில ஆராவது நடந்தா, செத்தவீட்டுக்கு நீர்தான் வரவேணும்" என்றார்.

அன்றிலிருந்து நான் மாதமும் காற்றும் எழுதாமல் ஒரு தாளையும் மூடுவதில்லை. வன்னியில் ஓரிடம் என்பது ஒரு இடமல்ல. தைமாதக் குளமும் ஆவணிக் குளமும் வேறு வேறு. மாரி மழையோடு விதைக்கிற காலபோக வயலும், அடுத்து வரும் சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் விட்ட அதே வயலும் வேறு வேறு. ஆலையில் நெல் அவிக்கிற மணம் சோளகக் காற்றில் ஒரு பக்க வீடுகளுக்குப் போகும், வாடைக் காற்றில் மற்றப் பக்கத்துக்குப் போகும். ஆகவே மணத்தைக் கீறும்போது வட்டம் போடாமல் காற்றுப் போகிற பக்கம் வால் நீட்டிவிடுங்கள். இரணைமடுக் குளத்தைப் பற்றிச் சந்தியில் பேசுகிறவர்கள் அது எவ்வளவு பெரியது என்று பேசுவதில்லை, "இண்டைக்கு எத்தனை அடி?" என்றுதான் கேட்பார்கள். 36 அடி என்றால் குளம் நிறைந்துவிட்டது, கீழே இருப்பவர்கள் அன்று நித்திரை கொள்ளமாட்டார்கள். 2018 மார்கழி வெள்ளம் எதுவரை வந்தது என்று பிள்ளைகள் வீட்டில் கேட்டு வரட்டும். வெள்ளம் புகுந்த வீடென்றால் தாய் சுவரில் கையை வைத்துக் காட்டுவார். அந்த உயரத்தைப் பிள்ளை தன் உடம்பில் அளந்து வரட்டும்: முழங்காலா, இடுப்பா, கழுத்தா. அதுவும் மப்புத்தான்.

கீறத் தெரியாது என்கிறீர்கள். சரி, காட்சியைக் கீறாதீர்கள். குளக்கட்டில் இருந்து குளத்தைக் கீறப் பார்த்தால் யாருக்கும் கை மலைக்குத்தான் போகும், ஏனென்றால் அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு நீளக்கோடு, மேலே முழுக்க வானம். கிட்டப் போங்கள். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசின் இரும்புத் திருகு, சைக்கிள் கரியர், பாலைப்பழம் தின்ற பிள்ளையின் உதட்டில் ஒட்டிய பால். ஒன்றை எடுத்து, அதன் விளிம்பில் கண் எறும்பு மாதிரி ஊர, பென்சில் அதே வேகத்தில் தாளில் ஊரட்டும். தாளைப் பார்க்கக்கூடாது, அழிறப்பர் கூடாது. வருவது கோணலாக இருக்கும், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் திருகில் எத்தனை பல் இருந்தது, எது உடைந்திருந்தது என்று பிறகு கேட்டால் சொல்வார்கள். எனக்கு அது போதும். நல்ல படம் வேண்டுமென்றால் போனில் எடுக்கலாம்.

இல்லாத சங்கக்கடை பற்றி. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளில் 50 மீற்றர் ஒழுங்கை ஒரு மில்லிமீற்றர்தான். அதற்குள் சங்கக்கடை எங்கே இருக்கும்? பெரியவர்கள் சொல்வதைப் பிழை என்று எடுக்காதீர்கள், அவர்களிடம் இருப்பது வேறொரு தாள். பிள்ளைகளின் படத்தில் இருப்பதற்கு முழுக்கோடு, இல்லாமல் போனதற்குப் புள்ளிக்கோடு. யார் சொன்னது என்று பக்கத்தில் எழுதட்டும்: 'அம்மம்மா சொன்னது', 'கடைக்காரர் சொன்னது'. இரண்டு பேர் புளியமரத்தை இரண்டு இடத்தில் காட்டினால் இரண்டையும் போடுங்கள். நீங்கள் நடுவர் அல்ல. சில வீடுகளில் கேட்கும்போது பேச்சு நின்றுபோகும். அந்த இடத்தைத் தாளில் வெறுமையாக விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இதை ரீச்சராகிய உங்களுக்குச் சொல்லத் தேவையில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். புழங்குகிற பாதையை விட்டு இறங்கவேண்டாம், மிதிவெடி என்று சிவப்புப் பலகை நட்ட பக்கமே வேண்டாம். இராணுவ முகாம் வேலிக்குப் பக்கத்தில் கொப்பி விரிக்கவேண்டாம். அதிபருக்கும் கிராம சேவையாளருக்கும் முதலே ஒரு சொல் சொல்லிவையுங்கள். நான் ஒருமுறை வீதியோரத்தில் கொப்பியோடு இருந்ததற்கு ஒன்றரை மணிநேரம் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது ஒரு மாட்டுவண்டிச் சில்லு, ஆறு தரம் கீறி ஆறு தரமும் வட்டமாக வராதது.

ஒன்று கேட்கவேண்டும். மலை கீறாத அந்த நாலைந்து பேர் என்ன கீறினார்கள்? கடிதத்தில் அதை எழுத மறந்துவிட்டீர்கள்.