பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை

கேள்வி: எனக்கு 26 வயது. முதல் பேறுகாலம், சிசேரியன். பிள்ளை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. அம்பாசமுத்திரம் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். அவருக்குத் திருப்பூரில் வேலை. இடுப்பு வலி, தையல் போட்ட இடத்தில் எரிச்சல். பிள்ளையைத் தூக்கினால் மணிக்கட்டில் சுரீரென்று இழுக்கிறது. இரவு பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கமில்லை. காரணமில்லாமல் அழுகிறேன். மாடிப்படியில் இறங்கும்போது பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயம் வருகிறது. 'பச்சை உடம்பு, காத்துக் கருப்பு பட்டிருக்கும்' என்று திருநீறு போட்டுக் கூட்டி வந்தார்கள். மாத்திரை போட்டால் பாலில் இறங்கிவிடும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: திருநீறு பூசுவதில் தவறில்லை. அதோடு நிறுத்திக்கொண்டால்தான் தவறு. பிரசவமான இரண்டு மூன்று நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். உங்களுக்கு ஏழு வாரம் ஆகிவிட்டது. பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராதது முக்கியமான அடையாளம். இது பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வலி தூங்கவிடாது, தூக்கம் கெட்டால் அதே வலி இரண்டு மடங்காகத் தெரியும். அதனால் 'முதலில் இடுப்பைப் பார்ப்போம், மனசை அப்புறம் பார்ப்போம்' என்று தள்ளாமல் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

படியில் வரும் பயத்தைப் பற்றி ஒன்று. தானாக ஓடிவந்து உங்களையே நடுங்கவைக்கும் இந்த நினைப்பு பல தாய்மாருக்கு வருவதுதான். நீங்கள் பிள்ளைக்குத் தீங்கு செய்யப்போகிறீர்கள் என்று இதற்குப் பொருளில்லை. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் செத்துவிடலாம் என்றோ, பிள்ளையோடு எங்காவது போய்விடலாம் என்றோ தோன்றினாலும், யாரோ காதில் பேசுவதுபோல் கேட்டாலும், இரண்டு நாள் தூங்காமலேயே களைப்பில்லாமல் படபடவென்று பேசிக்கொண்டிருந்தாலும் காத்திருக்கக் கூடாது. தனியாக இருக்க வேண்டாம். வீட்டார் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், தேவைப்பட்டால் 108-ஐ அழைக்கலாம். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ, உங்களுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ இந்த வாரமே போங்கள். 'எடின்பரோ' கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. கடந்த ஏழு நாளைப் பற்றிய 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வுக்கு வாய்ப்பு அதிகம். கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் குறைந்தாலும், பிரசவத்துக்குப் பின் தைராய்டு ஏறி இறங்கினாலும் இதே களைப்பும் படபடப்பும் வரும். அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள், தினம் ஒன்று சாப்பிட வேண்டும். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். பால், காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்த்தால் பலன் குறையும்.

மாத்திரை பாலில் இறங்குமா? இறங்கும், மிகக் கொஞ்சமாக. பால் கொடுப்பவர்களுக்கு முதலில் யோசிப்பது செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. குழந்தையின் ரத்தத்தில் அது பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாத அளவில்தான் இருக்கும். 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். முதல் வாரம் குமட்டல், தலைவலி இருக்கலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பலரும் 'கேட்கவில்லை' என்று பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்படி குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் நோய் (மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போவது) இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மருந்தே மாறும்.

வலிக்கு பாராசிட்டமால் 650 ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. போதாவிட்டால் ஐபுபுரோஃபென் 400, சாப்பிட்ட பின், நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்; அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் கூடாது. இரண்டுமே பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடியவை. மருந்துக்கடையில் பொட்டலமாகக் கட்டித் தரும் பெயரில்லாத மாத்திரைகள் மட்டும் வேண்டாம். என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இடுப்பு வலிக்கு முதுகில் போட்ட ஊசியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல: தளர்ந்த வயிற்றுத் தசையும், குனிந்து பால் கொடுப்பதும்தான். சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் தலையணை வைத்துப் பிள்ளையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் குனிய வேண்டாம். எழும்போது மல்லாந்தபடியே எழாமல், ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். சேலைத்துணியால் வயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டாம். தையலைச் சுற்றி எரிச்சல், மரத்த உணர்வு பல மாதம் இருக்கலாம். ஆனால் சிவந்து வீங்கினாலும், சீழ், காய்ச்சல் வந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

மணிக்கட்டுக்கு ஒரு சோதனை. கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடி, சுண்டுவிரல் பக்கமாகச் சாயுங்கள். கட்டைவிரல் அடியில் வலி உயிர் போனால் தசைநார் உறை வீங்கியிருக்கிறது. கட்டைவிரலை விரித்துப் பிள்ளையின் அக்குளில் கொடுத்துத் தூக்குவதால் வருவது இது. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து அடியிலிருந்து அள்ளி எடுங்கள்; கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையைச் சில வாரம் போடுங்கள்.

உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், பூண்டு, பேறுகால மருந்து எல்லாம் இருக்கட்டும். தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பதுதான் கெடுதல். மலம் இறுகும், முக்கினால் தையல் வலிக்கும். நம் ஊர் வெயிலுக்குப் பால் கொடுக்கும் தாய் நாளைக்கு மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும்.

மருந்துக்கு அடுத்தபடி பெரிய உதவி, இடையில் எழுப்பாத நாலைந்து மணி நேரத் தூக்கம். ராத்திரி ஒன்பதுக்குப் பால் கொடுத்துவிட்டு வேறு அறையில் படுங்கள். அடுத்த வேளைக்குப் பாலைப் பீய்ச்சி, கழுவிக் கொதிக்கவைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால், அம்மா அதை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிப் பாலாடையில் புகட்டலாம். உங்கள் கணவர் வாரக்கடைசியில் வருவதானால், அந்த இரண்டு இரவும் இந்த வேலை அவருடையதாக இருக்கட்டும். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அவரும் அம்மாவும் கூட வரட்டும், மாத்திரை பற்றிய சந்தேகத்தை அவர்களே நேரில் கேட்டுக்கொள்ளலாம்.