தனக்காக எழுதியவரும் தனியாகக் கற்றவர் அல்லர்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து வாரந்தோறும் ஸ்டோயிக் தத்துவ நூல்களை வாசித்து விவாதிக்க எண்ணியிருக்கிறோம். “மார்க்கஸ் அரேலியஸ் தனக்காக எழுதிக்கொண்டதைக் கூட்டமாக உட்கார்ந்து படிப்பதில் என்ன பொருள்? கடைசியில் அது வாய்ச்சண்டையில்தான் முடியும்” என்கிறார் எங்களில் ஒருவர். அவர் சொல்வது சரியா?

பதில்: வாய்ச்சண்டை பற்றிய அவரது அச்சம் நியாயமானது; மார்க்கஸ் பற்றிய வாதம் நிற்காது. கி.பி. 161 முதல் 180 வரை ரோமானியப் பேரரசை ஆண்ட அவர் தனக்கென்றே எழுதினார் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறிப்புகளின் முதல் பகுதி முழுவதும், தாத்தாவில் தொடங்கி, யார் யாரிடமிருந்து எதைக் கற்றார் என்பதை நன்றியோடு சொல்வதாகவே அமைந்திருக்கிறது. ஸ்டோயிக் ஆசிரியரான எபிக்டெட்டஸின் உரைகளைத் தமக்குப் படிக்கக் கொடுத்தவர் தம் ஆசிரியர் ரஸ்டிகஸ் என்பதையும் அங்கே மறவாமல் எழுதியிருக்கிறார். அந்த உரைகளோ, அடிமையாயிருந்து விடுதலை பெற்ற எபிக்டெட்டஸ் கிரேக்க நகரமான நிகோபோலிஸில் மாணவர்களோடும் வந்து போனவர்களோடும் பேசியவை. அவர் தம் கையால் எதையும் எழுதி வைக்கவில்லை, மாணவர் அர்ரியன் குறித்து வைத்ததில் 4 நூல்கள் எஞ்சியுள்ளன. ரோமானிய ஸ்டோயிக் தத்துவவாதி செனெகாவின் 124 கடிதங்களும் லூசிலியஸ் என்ற நண்பரை நோக்கியவையே. கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஜீனோ இந்தத் தத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கியதும் பலர் வந்து போகும் ஒரு பொதுத் தூண் மண்டபத்தில்தான். ஆக, நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பெரும்பகுதி ஓர் உரையாடலின் ஒரு பக்கம். கேட்பவரும் மறுப்பவரும் எதிரே இருக்கும்போதுதான் அதன் வலு தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அந்த அச்சம். எபிக்டெட்டஸுக்கே அது இருந்தது. பழைய ஸ்டோயிக் தத்துவவாதியான கிரிசிப்பஸின் கடினமான நூல்களுக்கு விளக்கம் சொல்லத் தெரிந்ததற்காகப் பெருமைப்படுபவனைப் பார்த்து, கிரிசிப்பஸ் தெளிவாக எழுதியிருந்தால் உனக்குப் பெருமைப்பட எதுவுமே இருந்திருக்காதே என்ற பொருளில் அவர் கடிந்துகொள்கிறார். உங்கள் குழுவிலும் நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அவர் பேச்சை ரசித்துவிட்டுக் கலைந்து போவது ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவே. இன்னோர் ஆபத்து, எல்லோரும் தலையாட்டுவது. நம் கருத்தும் விருப்பமும் நம் வசத்தில் உள்ளவை, உடலும் உடைமையும் புகழும் நம் வசத்தில் இல்லாதவை என்ற, எபிக்டெட்டஸ் போதனைகளின் சுருக்கமான கைந்நூலின் தொடக்க வரிகளை யாரும் உடனே ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டது என்ன என்பது, பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போதுதான் தெரியும்.

ஆகவே கைந்நூலில் தொடங்காதீர்கள், மேற்கோள் தொகுப்புகளிலும் தொடங்காதீர்கள். உரைகளின் முதல் நூல், 11ஆம் அத்தியாயத்தை எடுங்கள். தன் சிறு மகள் நோயில் கிடந்தபோது பார்க்கப் பொறுக்காமல் வீட்டை விட்டு ஓடிப்போய், அவள் தேறிவிட்டாள் என்ற செய்தி வரும்வரை திரும்பாத ஓர் அதிகாரி எபிக்டெட்டஸிடம் வருகிறார். செய்தது சரியா என்று கேட்டால், தகப்பன் மனசு அப்படித்தான், அது இயல்பு என்கிறார். அவள் தாய்க்கும் செவிலிக்கும் அன்பில்லையா, அவர்களும் போயிருக்க வேண்டுமா, நீங்கள் நோயில் கிடக்கும்போது உங்களை விட்டு ஓடிவிடும் அளவுக்கு உங்கள் வீட்டார் உங்கள்மேல் அன்பு வைக்க விரும்புவீர்களா என்று எபிக்டெட்டஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார். ஓட வைத்தது அன்பன்று, ஓடுவதே சரி என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றிய முடிவுதான் என்ற இடத்துக்கு இருவரும் வந்து சேர்கிறார்கள். இதைத் தனியாக வாசிப்பவர் எபிக்டெட்டஸ் பக்கம் நின்றுகொண்டு அந்தத் தகப்பனைக் குறை சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். குழுவில் அது அவ்வளவு எளிதன்று. நோயாளியின் அருகே இருந்திருக்க வேண்டிய நேரத்தில் இல்லாமற்போன ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

உலகை ஓர் அறிவு ஆள்கிறது என்ற ஸ்டோயிக் நம்பிக்கையை ஏற்காதவரும் குழுவில் இருப்பார். அவர் வாயை அடைக்காதீர்கள். நீரோவின் அரசவையில் பெருஞ்செல்வராய் இருந்துகொண்டு எளிமையைப் புகழ்ந்த செனெகாவை எப்படிப் படிப்பது என்ற கேள்வியையும் ஒதுக்காதீர்கள்.

முதல் நாள் அந்த 11ஆம் அத்தியாயம் ஒன்றே போதும். ஒருவர் உரக்கப் படிக்கட்டும். எபிக்டெட்டஸ் கேள்வி கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, அதிகாரியின் பதிலைப் படிக்குமுன் உங்கள் பதிலைச் சொல்லுங்கள். அச்சம் தெரிவித்த நண்பரையே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.