காற்றுத் தரக் குறியீடு 90, 'திருப்திகரம்' என்று செயலி காட்டுகிறது. அந்தக் காற்று பாதுகாப்பானதா?

சட்டம் அனுமதித்த வரம்பை அன்றைய காற்று தாண்டவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்; அது உடலுக்குத் தீங்கு செய்யாது என்ற உறுதிமொழி அதில் இல்லை.

இந்தியக் குறியீட்டில் ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியே ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அவற்றுள் மிக உயர்ந்ததை மட்டும் அறிவிக்கிறார்கள். நுண்துகளான பி.எம். 2.5-ஆல் 90 வந்திருந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் அது ஏறத்தாழ 54 மைக்ரோகிராம் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் அறிவித்த தரநிலைப்படி 24 மணி நேரச் சராசரி 60 வரை இருக்கலாம் என்பதால்தான் 54-க்கு 'திருப்திகரம்' என்ற பெயர் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவோ வெறும் 15. அதே 54-ஐ அமெரிக்க அளவுகோலில் இட்டால் 147 வரும். அங்கே அது ஆஸ்துமா நோயாளிகள், முதியோர், குழந்தைகள் ஆகியோருக்கு ஆகாத காற்று. ஒரே ஊருக்கு இரண்டு செயலிகள் வெவ்வேறு எண்களைக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்துகள்கள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்குகின்றன. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. ஆகவே பாதிப்பு இருமலோடும் இளைப்போடும் நிற்பதில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் இந்தப் பட்டியலில் உண்டு. வெளிக்காற்று மாசு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் வகைப்படுத்தியது. இந்த அளவுக்குக் கீழே தீங்கே இல்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. தரநிலை என்பது மருத்துவம் மட்டும் தீர்மானிப்பதன்று. ஒரு நாடு எதைச் சாத்தியம் என்று கருதுகிறதோ அதுவும் சேர்ந்தே அந்த எண்ணை முடிவு செய்கிறது.

சராசரி மறைப்பதும் உண்டு. போகியன்று விடியற்காலையில் சென்னைத் தெருவில் மூச்சு முட்டும் புகை, 24 மணி நேரக் கணக்கில் கரைந்து மிதமான எண்ணாகத் தெரியக்கூடும். ஆஸ்துமா உள்ள என் தாயார் நடைப்பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்கும்போது, நான் குறியீட்டின் நிறத்தை விட்டுவிட்டு, அருகிலுள்ள காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் அந்த மணி நேரத்துப் பி.எம். 2.5 அளவைத்தான் பார்க்கிறேன்.

குடியேற ஊரோ வீடோ தேடுபவர்கள் ஒரு நாள் எண்ணை நம்பாமல் பி.எம். 2.5-இன் ஆண்டுச் சராசரியைப் பார்ப்பது நல்லது. அதற்கு இந்திய வரம்பு 40, உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 5.