பெஞ்சமினைப் படிக்க கபாலா வகுப்பு தேவையா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக, ஜெர்மன் யூதச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் வரலாறு பற்றி எழுதிய குறிப்புகளைப் படிக்கிறேன். அதில் வரும் வானதூதர் யூத மறைஞான மரபான கபாலாவிலிருந்து வந்தவர், அது தெரியாமல் புரியாது என்கிறார்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஆன்லைன் வகுப்பு ஒன்று இருக்கிறது. சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். கபாலா நூல்களைப் படிக்கத் தேவையான ஹீப்ரு மொழி பெஞ்சமினுக்கே வராது. 1929இல் பெர்லினில் கற்கத் தொடங்கிச் சீக்கிரமே விட்டுவிட்டார். கபாலாவை அவர் பெரும்பாலும் நண்பரும் யூத மறைஞான ஆய்வாளருமான கெர்ஷோம் ஷோலெம் வழியாகத்தான் அறிந்தார்.

அந்தத் தூதர், ஓவியர் பால் க்ளே 1920இல் வரைந்த ஓவியத்தில் இருப்பவர். மறுவருடம் பெஞ்சமின் அதை விலைக்கு வாங்கினார். தூதரின் முகம் கடந்த காலத்தைப் பார்க்கிறது. நமக்கு அடுத்தடுத்த சம்பவங்களாகத் தெரிவது அவருக்கு ஒரே பேரழிவு. இடிபாடு காலடியில் குவிந்துகொண்டே போகிறது. நின்று சீர்செய்ய நினைக்கிறார். சொர்க்கத்திலிருந்து அடிக்கும் புயல் சிறகை மடக்க விடவில்லை. நாம் முன்னேற்றம் என்பது அந்தப் புயலைத்தான். இதற்கு எந்த ரகசியச் சாவியும் வேண்டாம். 1940இல், ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று ஹிட்லரும் ஸ்டாலினும் 1939இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு எழுதியது என்பது தெரிந்தால் போதும்.

கபாலா என்ற பெயரில் இணையத்தில் விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சிவப்புக் கயிறு, ஆன்மா படிப்படியாக உயரும், தொழில் பெருகும் என்பார்கள். முன்னேற்றத்தின் மீது நம்பிக்கையிழந்த மனிதரைப் படிக்க, முன்னேற்றம் விற்கிறவரிடமா போவது? ஆய்வேட்டுக்குக் ‘கோட்பாட்டு இயல்’ (கோட்பாடு பற்றிய அத்தியாயம்) எழுதித் தருகிறோம் என்று பல்கலைக்கழக வாசலில் நிற்பவர்களும் இதே ரகம். எந்தத் தலைப்பானாலும் ஒரு கோட்பாட்டு இயலைத் திணித்தே ஆகவேண்டும் என்ற விதி இருக்கும்வரை அவர்கள் பிழைப்பு ஓடும். மாணவர்கள்தான் பாவம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உடைந்ததைத் தூதர் ஒட்ட விரும்பும் இடத்தை நீங்கள் ஆராய்வதானால், 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் (இன்றைய இஸ்ரேலில் உள்ளது) வாழ்ந்த கபாலா ஞானி ஐசக் லூரியாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். படைப்பின்போது இறையொளியைத் தாங்க முடியாமல் கலங்கள் உடைந்தன, பொறிகள் உலகெங்கும் சிதறின என்பது அவர் போதனை. ஆனால் அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். லூரியாவிடம் மனிதர்கள் தொழுகையாலும் மதக் கட்டளைகளைக் காப்பதாலும் பொறிகளைத் திரட்டி மீட்கிறார்கள். பெஞ்சமினின் தூதரால் ஒரு துண்டைக்கூட எடுக்க முடியவில்லை. ஒற்றுமையை எழுதினால் இந்த வேற்றுமையையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். இதற்கு ஷோலெம் 1941இல் வெளியிட்ட யூத மறைஞானம் பற்றிய நூலின் ஏழாவது உரை போதும். அந்த நூலையே அவர் பெஞ்சமினின் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

சரி, இப்போதைக்குத் தூதர் வரும் 9ஆம் குறிப்பை விட்டுவிட்டு 13ஐ முதலில் படியுங்கள். காலம் தங்கள் பக்கம் என்று நம்பிய ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியோடு அவர் நேராகச் சண்டை போடும் இடங்களில் அதுவும் ஒன்று.