வளைகுடா எண்ணெய் வேலை நேர்காணலில் 'பெர்மிட் டு ஒர்க்' பற்றி ஏன் இவ்வளவு துருவுகிறார்கள்?

எந்த இயந்திரத்தில், யார், என்ன வேலை, எத்தனை மணிவரை செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள்தான் பெர்மிட். விசா சமாச்சாரம் அல்ல.

1988இல் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பை, அதைச் சொல்லும் பெர்மிட் கண்ணில் படாததால், விஷயம் தெரியாமல் இரவு ஷிஃப்ட்காரர்கள் ஓடவிட்டார்கள். தீயில் 167 பேர் மாண்டார்கள். துருவலுக்குக் காரணம் இதுதான்.

நம் வயலில் மோட்டாரில் கை வைக்குமுன் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி மடியில் செருகிக்கொள்கிறோமே, அதே புத்தி. நரிமணம், குத்தாலம் பக்கம் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் வேலை பார்த்தவர்கள் மனப்பாட விளக்கத்தை விட்டுவிட்டு, தாங்கள் வாங்கிய ஒரு பெர்மிட்டைப் பற்றிச் சொல்லுங்கள், அதுதான் எடுபடும்.

ஒருமுறை கையெழுத்தானால் வேலை முடியும்வரை செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக ஒரு ஷிஃப்டுக்குத்தான். நடுவில் கேஸ் அலாரம் அடித்தால் அதுவும் கிடையாது.