படலையடியில் நிற்கும் பேய்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் தளத்தில் வரும் 'குளக்கட்டு' தொடரை நானும் மகளும் வாசிக்கிறோம். மகள் இந்த வருஷம் சாதாரண தரம் எழுதுகிறாள். பேய்க் கதை என்று நினைத்துத்தான் அவளுக்கு வாசிக்கக் கொடுத்தேன். நாலாம் பகுதியில் அந்தப் பிள்ளை படிக்கும்போது பேய்ப் பெடியன் யன்னலுக்கு வெளியே நின்று விடிய விடியப் பார்க்கிறான். அவளுக்கு அது தெரியாது. மகள் "எவ்வளவு வடிவு அம்மா" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது.

அவளும் கூட்டாளிகளும் வாட்பேட் என்ற கதைச் செயலியில் ஓநாய் மனிதன், இரத்தம் குடிப்பவன் என்று காதல் கதைகளாகவே வாசிக்கிறார்கள். நீங்களும் ஏன் அதே வழியில் போகிறீர்கள்? பேய்க் கதையைப் பேய்க் கதையாக எழுதினால் என்ன? இன்னொன்று. எங்கள் மண்ணில் செத்தவர்கள் கொஞ்சப் பேரா? அவர்களைப் போய்க் காதலனாக்குவது சரியா? சின்னக் கோபம்தான், குறை நினைக்க வேண்டாம்.

பி.கு: அந்தப் பெடியன் அடுத்த பகுதியில் வருவானா என்று மகள் கேட்கச் சொன்னாள்.

ஓர் ஆசிரியை, மல்லாவி

*

அன்புள்ள ரீச்சருக்கு,

சின்னக் கோபம் மூன்று பக்கம் வந்திருந்தது. சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன்.

நான் சாமத்தியப்பட்ட அன்று அம்மம்மா என் கையில் சத்தகம் என்ற ஒரு சின்னக் கத்தியையும் வேப்பிலைக் கொத்தையும் தந்தா. கிணற்றடிக்குப் போனாலும் இரும்பு கையில் இருக்க வேணும், மத்தியானத்தில் புளியமரத்தடிக்குப் போகக்கூடாது, தலையை விரித்துப் போடக்கூடாது. அதற்கு முதல் நாள்வரைக்கும் அதே கிணற்றடியில் இருட்டில் தனியாகக் குளித்தவள் நான். ஒரு முனியும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே இரவில் ஊரிலுள்ள அத்தனை பேய்க்கும் என்னில் கண் விழுந்தது எப்படி? பெரியவர்கள் 'பெடியன்' என்று சொல்லக் கூச்சப்பட்ட இடத்தில் 'பேய்' என்று சொன்னார்கள், வேறொன்றுமில்லை. பேய் பிடிக்கிற வயசும் காதல் வருகிற வயசும் ஒன்றாக இருப்பது என் கண்டுபிடிப்பு அல்ல, ரீச்சர். அந்தச் சத்தகத்தை என் கையில் வைத்த நாளிலேயே கதை தொடங்கிவிட்டது.

இதுவும் பழைய கதைதான். நற்றிணையின் 34ஆம் பாட்டில் மகள் மெலிந்துபோகிறாள். முருகு பிடித்திருக்கிறது என்று முருகனின் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு என்ற சாமியாட்டம் எடுக்கிறார்கள். காரணம் மலைநாட்டுக்காரன் ஒருவன் என்று தோழிக்குத் தெரியும். அவள் தாயோடு கதைக்கவில்லை. வந்திறங்கிய முருகனோடேயே கதைக்கிறாள்: இது உன்னால் வந்த நோயில்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று வந்து நிற்கிறாயே, கடவுளென்றாலும் நீ அறியாத ஆள்தான், வாழ்க! வகுப்பில் சொல்லிப் பாருங்கள். சாதாரண தரத்துப் பிள்ளைகள் வாங்கு தட்டிச் சிரிப்பார்கள்.

ஆகவே காதலை எடுத்துவிட்டுப் பேயை மட்டும் எழுதச் சொன்னால் என்னால் முடியாது. ஆனால் உங்களுக்கு வந்த பயம் சரியான பயம். அது காதலில் இல்லை என்பதுதான் என் கட்சி.

மகளின் போனில் இருக்கும் கதைகளை நானும் வாசிக்கிறேன், தொழில் அப்படி. ஓநாய்க் கதைகளில் ஒரு விதி திரும்பத் திரும்ப வரும். ஓநாய்க்காரன் வாசத்தை வைத்தே தன் துணையைக் கண்டுபிடித்துவிடுவான். அது விதித்தது, மாற்ற முடியாது. அவள் மறுத்தால் இரண்டு பேருக்கும் உடம்பே நோகும். அவள் மறுத்துப் பார்ப்பாள், சில அத்தியாயங்கள் கழித்து அழுதுகொண்டு ஒத்துக்கொள்வாள். வாசிக்கிற பிள்ளைகளும் அழுவார்கள். எனக்கு மட்டும் அழுகை வருவதில்லை, கோபம்தான் வரும். 2008இல் எனக்குப் பதினாறு. என்னோடு படித்த பிள்ளைகள் சிலருக்கு அந்த வருஷம் அவசர அவசரமாகத் தாலி ஏறியது. கட்டாய ஆள்சேர்ப்புக்குப் பயந்துதான், வன்னியிலிருந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கலியாண வயது பதினெட்டு என்று 1995இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் தறப்பாள் கொட்டிலுக்குள் வரவில்லை. 'விதித்த துணை' என்று எங்கேயாவது வாசித்தால், சேலை உடுக்கத் தெரியாமல் நின்ற அந்தப் பிள்ளைகளின் முகம்தான் எனக்கு வரும்.

பழைய பேய்களுக்கு இவ்வளவு உரிமை இருக்கவில்லை. பங்கருக்குள் எங்களைச் சத்தம் போடாமல் வைத்திருக்க அம்மம்மா மோகினிக் கதை சொல்லுவா. மோகினி வந்து சுண்ணாம்பு கேட்கும். கையால் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும், பாக்குவெட்டி நுனியில் வைத்து நீட்டினால் ஒன்றும் செய்யாது. பிடித்துவிட்டாலும் பூசாரி கேள்வி கேட்பார்: ஆர் நீ? எங்கையிருந்து வந்தனி? என்ன வேணும்? என்ன தந்தால் போவாய்? போனதுக்கு என்ன அடையாளம் காட்டுவாய்? (அந்த அடியையும் புகையையும் நான் நியாயப்படுத்தவில்லை. அங்கே கொண்டுவரப்பட்ட பெண்கள் பலருக்கு வேண்டியிருந்தது ஒரு நல்ல வைத்தியர்.) ஆனாலும் அந்தக் கேள்விகளைக் கவனியுங்கள். பேய் தன் பெயரைச் சொல்ல வேணும், வந்த காரணத்தைச் சொல்ல வேணும், போகவும் வேணும். போகாத பேய் என்று ஒன்று அந்தக் கணக்கிலேயே இல்லை.

வெள்ளைக்காரனின் பேய்க்கும் ஒருகாலத்தில் இந்த மரியாதை இருந்தது. 1897இல் வந்த 'டிராகுலா' நாவலில் இரத்தம் குடிப்பவன் வீட்டுக்காரர் கூப்பிடாமல் முதல்முறை உள்ளே வர முடியாது. 2005இல் வந்த 'ட்வைலைட்' நாவலில் நாயகன் அவளுக்குத் தெரியாமலே இரவில் அவளுடைய அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு அது அவளுக்குத் தெரியவரும்போது காதலாகிவிடுகிறது. நூற்றுச் சொச்ச வருஷத்தில் வாசல்படி காணாமல் போய்விட்டது.

இந்த இடத்தில் என் குட்டும் வெளியே வருகிறது. என் நாலாம் பகுதி யன்னல், அந்த அறையின் தங்கச்சிதான். எழுதும்போது எனக்கும் அது வடிவாகத்தான் இருந்தது. நிலவு, குப்பி விளக்கு, அவன் மூச்சில்லாமல் நிற்பது என்று வசனங்கள் தாமாகவே வந்து விழுந்தன. தாமாக வந்து விழுகிற வசனத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு மறந்துவிட்டேன். உங்கள் பிள்ளையின் யன்னலுக்கு வெளியே உயிருள்ள ஒரு பெடியன் அப்படி நின்றால் ஊரே பொல்லெடுக்கும். செத்தவன் என்பதால் அவனுக்குச் சலுகையா? அந்தப் பகுதியைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன், திருத்தித்தான் போடுவேன்.

வயசுக் கணக்கையும் நீங்கள் கேட்பதற்கு முதல் நானே சொல்லிவிடுகிறேன். ட்வைலைட் நாயகன் 1918இலிருந்து பதினேழு வயசுக்காரன். என் பெடியனுக்கும் நூறு தாண்டிவிட்டது. ட்வைலைட்காரன் ஊர் ஊராகச் சுற்றினான், கார் ஓட்டினான், படித்தான். என்னுடையவன் குளத்துத் தண்ணீர் ஏறி இறங்குவதைத் தவிர எதையும் பார்க்கவில்லை, செத்த அன்றே அவன் வளர்ச்சி நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறேன். இது போதுமா? முழுக்கப் போதாது. அவனைவிட அவளுக்கே கூடுதலாகத் தெரியும் என்பதைக் கதை இன்னும் காட்டவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை இரண்டு நாள் எழுதவிடவில்லை. என் பெடியனை 2009இல் போரில் செத்தவன் என்று நினைத்திருக்கிறீர்கள். இல்லை, ரீச்சர். இரண்டாம் பகுதியில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறேன், அது தப்பிப்போயிருக்கும். 1920இல் கட்டி முடிந்த இரணைமடுக் குளத்தில் மண் சுமக்க வந்து காய்ச்சலில் போனவன் அவன். வேண்டுமென்றேதான் அவ்வளவு பின்னுக்குப் போனேன். பேய்க் கதைக்கு முதலில் ஒரு சாவு வேண்டும், அதுவும் நிச்சயமான சாவு. கிளிநொச்சி கந்தசாமி கோவிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வந்து உட்கார்ந்த அம்மாமார் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைத்தான் கேட்டார்கள், மரணச் சான்றிதழைக் கேட்கவில்லை. அவர்களில் ஒருத்தி இந்தத் தொடரைத் திறந்து, தன் மகனின் வயசில், அதே காலத்து உடுப்போடு ஒரு பேயைக் கண்டால்? ஒரு கந்தோரும் அவரை ஒத்துக்கொள்ள வைக்காததை நான் கதையென்ற பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். அந்த வருஷத்து ஆளை நான் பேயாக்கமாட்டேன். வேறு யாராவது எழுதலாம், எழுதத்தான் வேண்டும் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் சண்டைக்கு நிற்கவில்லை. எனக்குக் கை வராது.

மகளிடம் சொல்லுங்கள், அடுத்த பகுதியில் அவன் வருவான். யன்னலடிக்கு இல்லை, படலையடிக்கு. பெயரைச் சொல்லி, வரட்டோ என்று கேட்டுக்கொண்டு நிற்பான். அவள் சோதனைக்குப் படிக்கிறாள், அன்றைக்கு "பிறகு வா" என்று சொல்லிவிடுவாள்.

அன்புடன்.